விரிவுரைக்குள் குப்பிக்கு எட்டு நிமிடம் தாருங்கள்

வவுனியா பம்பைமடுவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் உள்ள பல்கலைக்கழகப் பீடங்களின் பீடாதிபதிகளுக்கும் விரிவுரையாளர்களுக்கும் நேரசூசி தயாரிப்பவர்களுக்கும்

வணக்கம்.

முதலாம் வருட விரிவுரை. மண்டபத்தில் 120 பேர். "விளங்கினதா?" என்று கேட்டால் முன்வரிசையில் நாலு தலை ஆடும். "கேள்வி ஏதும் இருக்கா?" என்று கேட்டால் அந்தத் தலைகளும் குனிந்துவிடும். அதே 120 பேர் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது விடுதியிலும் மரத்தடியிலும், மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் குப்பி வகுப்பு வைத்து, மறித்து மறித்துக் கேள்வி கேட்பார்கள். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்வார்கள். குப்பி நடத்துபவர் அவர்களுடைய பட்ச்சைச் சேர்ந்தவராகவோ ஒரு வருடம் மூத்தவராகவோ இருப்பார். தமிழில் தொடங்கி, ஆங்கிலக் கலைச்சொல்லை நடுவில் வைத்து, பக்கத்தில் இருப்பவருக்காகச் சிங்களத்தில் ஒரு வசனமும் சொல்லி முடிப்பார்.

குப்பியில் நடப்பதை எட்டு எட்டு நிமிடமாக விரிவுரைக்குள்ளேயே நடத்தலாம். அதை எப்படிச் செய்வது, எங்கே பிழை வரும் என்பதை எழுதவே இந்த மடல். மாணவர் பதில்களை ஒரே நேரத்தில் திரட்டும் கருவிகள் இன்று பலவகை இருக்கின்றன: கையில் பிடித்துப் பொத்தானை அழுத்திப் பதில் அனுப்பும் கிளிக்கர், போன் செயலி, மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் தளத்தின் வாக்கெடுப்பு, வெறும் அட்டை. இவற்றில் எதை வாங்குவது என்பதில்தான் கூட்டங்களில் பேச்சு தொடங்குகிறது. எங்கள் வேண்டுகோள், அந்தப் பேச்சை ஒரு செமஸ்டருக்குத் தள்ளிவையுங்கள் என்பதே. முதலில் அட்டையும் நல்ல கேள்வியும் போதும்.

அமைதியை அக்கறையின்மை என்று எடுக்கவேண்டாம். உயர்தரம் வரை அமுக்கம், உந்தம், பெறுமானத் தேய்வு என்று படித்து வந்தவருக்கு இங்கே முதல் நாளிலிருந்து எல்லாம் வேறு பெயரில் வருகிறது. பதில் தெரிந்தாலும் அதை ஆங்கில வசனமாக்கி முடிப்பதற்குள் விரிவுரை அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். துணுக்காயிலிருந்து வந்தவருக்கும் மாத்தறையிலிருந்து வந்தவருக்கும் இதில் ஒரே நிலைமைதான். பட்ச் முழுவதும் பார்த்திருக்கப் பிழையான பதில் சொல்வதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

கேள்வி கேட்பவர் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான். அதை 3 செக்கனுக்கு மேலாக்கியபோது பதில்கள் நீண்டன. பேசாமல் இருந்தவர்களும் பேசினார்கள். இரண்டாம் மொழியில் வரும் கேள்விக்கு 3 செக்கனும் காணாது.

ஹாவர்ட் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மாசூர் 1991 அளவில் தொடங்கிய முறைதான் இன்று உலகெங்கும் கருவிகளோடு பயன்படுகிறது. அதன் ஒழுங்கு இப்படி. கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வியைத் திரையில் போடுங்கள். வாசித்து யோசிக்க ஒன்றரை நிமிடம், ஒருவரும் பேசக்கூடாது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பதிலைக் காட்டவேண்டும். எத்தனை பேர் சரி என்று பாருங்கள். 30 வீதத்துக்குக் குறைவென்றால் கலந்துரையாட விட்டுப் பயனில்லை, அவர்களிடம் பேசுவதற்கே ஒன்றும் இல்லை. அந்தப் பகுதியைத் திரும்ப விளக்குங்கள். 70 வீதத்துக்கு மேலென்றால் ஒரு நிமிட விளக்கத்தோடு தாண்டிப் போங்கள். இரண்டுக்கும் இடையில் விழுந்தால்தான் குப்பிக்கு நேரம். "உங்களுடையதிலிருந்து வேறு பதில் வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, அவரை ஒத்துக்கொள்ளப் பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அதன்பின் இரண்டாம் வாக்கு. கடைசியாகத்தான் சரியான பதிலும், மற்றப் பதில்கள் ஏன் பிழை என்ற விளக்கமும்.

முதல் வாக்கின் முடிவை இரண்டாம் வாக்கு முடியும்வரை காட்டவேண்டாம். செயலிகள் வரைபடத்தை உடனே திரையில் போட்டுவிடும். அந்த வசதியை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள். உயரமான தூணைக் கண்டதும் பாதிப்பேர் யோசிப்பதை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நடக்கும் கலந்துரையாடலில் வாதம் இருக்காது.

தனியே வாக்களிக்கும் முதற்கட்டத்தை நேரம் போகிறதென்று வெட்டவும் வேண்டாம். தான் ஒரு பக்கம் நின்ற பிறகுதான் மற்றவர் சொல்வதைக் கேட்கும் ஆவல் வரும். ஒன்றிலும் நிற்காதவர் பக்கத்துக் கதிரைக்காரர் சொல்வதைத் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்.

"தெரியாதவர் தெரியாதவரோடு பேசி என்ன வரப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் மரபியல் வகுப்பொன்றில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு இதையே சோதித்தது. கலந்துரையாடலுக்குப் பிறகு, அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் இரண்டாவது கேள்வியைத் தனியே செய்ய விட்டார்கள். சரியான விடை தெரிந்த ஒருவரும் இல்லாதிருந்த குழுக்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. பேசிப் பார்க்கும்போது தன் நியாயத்தில் இருக்கும் ஓட்டை தனக்கே தெரிந்துவிடுகிறது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளையும், மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்திய வகுப்புகளையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளை 2014இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சித்தியடையாதவர்கள் முன்னதில் 33.8 வீதம், பின்னதில் 21.8 வீதம். அது விஞ்ஞானம், பொறியியல், கணிதப் பாடங்களைப் பற்றிய கணக்கு; கருவிகளுக்கு மட்டும் உரிய புகழ் அல்ல. கருவியைப் பற்றித் தனியே கேட்டால், கனடாவில் ஒரு கல்லூரியில் ஒரே பாடத்தை ஒரு குழுவுக்குக் கிளிக்கரோடும் மற்றக் குழுவுக்கு அட்டையோடும் நடத்திப் பார்த்தார்கள். கற்றதில் வித்தியாசம் காணப்படவில்லை.

ஆகவே வேலை முழுவதும் கேள்வியில்தான் இருக்கிறது. இதற்குத்தான் உங்களிடம் அதிகம் நேரம் கேட்கிறோம்.

ஓர் உதாரணம். "இரணைமடுப் பெருங்குளத்தில் ஓர் இடத்திலும் ஊரிலுள்ள ஒரு சின்னக் குளத்தில் ஓர் இடத்திலும் நீர் 5 மீற்றர் ஆழம். அடியில் நீரினால் ஏற்படும் அமுக்கம் எங்கே கூட? 1. இரணைமடுவில். 2. சின்னக் குளத்தில். 3. இரண்டிலும் ஒன்று. 4. குளங்களின் பரப்பளவு தெரியாமல் சொல்லமுடியாது." சமன்பாட்டைப் பாடமாக்கியவரும் இதில் 1க்கும் 4க்கும் போவார், பெரிய குளத்தில் நிறைய நீர் என்பது கண்ணால் கண்ட உண்மையல்லவா. அமுக்கம் ஆழத்தில் தங்கியிருக்கிறது, பரப்பில் அல்ல என்று சூத்திரம் சொல்வதை அவர் குளத்தோடு பொருத்திப் பார்த்ததில்லை. கணித்தால் இரண்டிலும் ஏறக்குறைய 49 கிலோபஸ்கால், வளிமண்டல அமுக்கம் நீங்கலாக. 1 என்றவரும் 4 என்றவரும் ஒரே கருத்தில்தான் பிழைவிடுகிறார்கள். ஆனால் 4 என்றவருக்குப் பரப்பு ஒரு காரணி என்ற எண்ணம் வெளிப்படையாகவே இருக்கிறது. அவரோடு பேசவேண்டிய முறை வேறு. விளக்கிய பிறகு "அப்படியென்றால் குளக்கட்டு ஏன் அடியில் அகலமாக இருக்கிறது?" என்று ஒரு வாய்க் கேள்வி போட்டால், அதுவரை பேசாதவரும் பேசுவார். குளக்கட்டைப் பார்க்காமல் வளர்ந்தவர் இந்தப் பக்கத்தில் யார்?

வணிகக் கற்கைகளுக்கு இன்னொன்று. "ஓர் அரிசி ஆலை இந்த வருடம் இயந்திரத்துக்கு 200,000 ரூபா பெறுமானத் தேய்வு பதிந்தது. அந்தப் பதிவினால் வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறிய காசு எவ்வளவு? 1. 200,000 ரூபா. 2. 200,000இல் வரி கழித்த மிச்சம். 3. ஒன்றும் இல்லை. 4. இயந்திரம் கடனில் வாங்கியதா என்று தெரிந்தால்தான் சொல்லலாம்." விடை 3. இலாபம் குறைவதையும் காசு குறைவதையும் ஒன்றாக நினைப்பவரை இந்தக் கேள்வி பிடித்துக்கொடுக்கும். "பெறுமானத் தேய்வின் வரைவிலக்கணம் எது?" என்று கேட்டிருந்தால் 95 பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள், ஒருவருக்கும் பயன் இருந்திராது.

பிழையான விடைகளை மேசையில் இருந்து கற்பனை செய்யவேண்டாம். கடந்த வருட விடைத்தாள்களைத் திருத்தியபோது திரும்பத் திரும்பக் கண்ட பிழை எதுவோ அதுவே நல்ல தெரிவு. விடைத்தாள் கையில் இல்லையென்றால், ஒரு கிழமைக்கு முன் அதே கேள்வியைத் தெரிவுகள் இல்லாமல் துண்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். அதிகம் வந்த மூன்று பிழைகளை எடுங்கள். "மேற்கூறிய யாவும்" என்பதை விட்டுவிடுங்கள். கேள்வி ஆங்கிலத்தில் 25 சொல்லுக்கு மேல் போனால் நீங்கள் பௌதிகத்தைச் சோதிக்கவில்லை, வாசிப்பைச் சோதிக்கிறீர்கள். அமுக்கம் போன்ற மையச் சொல்லுக்குத் தமிழும் சிங்களமும் பக்கத்தில் சின்னதாகப் போட்டால் போதும், முழுக் கேள்வியையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

கலந்துரையாடும் மூன்று நிமிடமும் மொழி மாணவருடையதாக இருக்கட்டும். கற்பித்தல் மொழி ஆங்கிலம் என்பதற்காகப் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதையும் ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் மண்டபம் மறுபடி அடங்கிவிடும். முடிவைச் சொல்லும்போது ஆங்கிலத்துக்கு வந்தால் போதும். தமிழ் பேசுபவரும் சிங்களம் பேசுபவரும் வேறு வேறு பக்கங்களில் இருக்கும் மண்டபத்தில், வேறு பதில் உள்ளவரைத் தேடச் சொல்வதே சில நேரம் அவர்களை ஒரே வாங்குக்குக் கொண்டுவரும். அந்த வாங்கில் பேச்சு எப்படியும் மூன்று மொழியும் கலந்துதான் நடக்கும். அதைத் திருத்தப் போகவேண்டாம்.

இனி அட்டை. ஆளுக்கு ஒரு தடித்த ஏ4 தாள். அகலத்திலும் நீளத்திலும் ஒவ்வொரு தரம் மடித்தால் நாலு கால்பங்கு வரும், ஒவ்வொன்றும் 105க்கு 148 மில்லிமீற்றர். ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை ஓர் இலக்கம், 10 சென்ரிமீற்றர் உயரத்தில், வேறு வேறு நிறப் பின்னணியில். நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த பட்ச்சிலும் இருப்பார்கள், ஆகவே நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. எழுத்தைவிட இலக்கம் நல்லது. எந்த மொழிக்காரருக்கும் அது ஒன்றுதான். பதில் பகுதி வெளியே தெரிய மடித்து நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள். தலைக்கு மேலே தூக்கினால் பின்வரிசை எல்லாவற்றையும் பார்த்துவிடும். "மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணி எல்லோரும் ஒன்றாகக் காட்டவேண்டும். அதற்கு முன் காட்டுபவரைப் பார்த்து மற்றவர் மாற்றுவார்கள். 120 அட்டையையும் எண்ணத் தேவையில்லை. 30, 70 என்ற இரண்டு கோட்டில் எதற்குள் விழுகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. மண்டபத்தை நாலாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் கண்ணால் மதித்தால் அது தெரிந்துவிடும். 120 பேருக்கு 140 அட்டை அடியுங்கள். மறந்து வருபவர் எப்போதும் இருப்பார்கள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில், கரண்ட் தேவைப்படாத ஒரு கருவி கையில் இருப்பது நல்லது.

அட்டையின் குறை, பதிவு மிஞ்சாது. யார் என்ன சொன்னார் என்று தெரியவேண்டிய செய்முறை வகுப்புகளுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலி பொருந்தும். ஒவ்வொருவருக்கும் தனி இலக்கமுள்ள, கறுப்புக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் பதில். விரிவுரையாளரின் ஒரு போன் கமெராவும் ஒரு இணைப்பும் போதும், மாணவர் யாரும் டேட்டா செலவழிக்கத் தேவையில்லை. அட்டைத் தொகுதி 63 வரைதான் என்பதால் பெரிய மண்டபத்துக்குக் காணாது. பளபளப்பான லமினேட் போட்டால் வெளிச்சம் பட்டுத் தெறித்து வாசிக்காது. விரல் கட்டத்தை மறைத்தாலும் வாசிக்காது. யன்னலுக்கு முதுகு காட்டி இருப்பவரின் அட்டை இருண்டு போகும், அந்தப் பக்கத்துத் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

போன் வழி எல்லோருக்கும் பிடித்தது. சிக்கலும் அதில்தான் அதிகம். எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்று நினைத்துத் தொடங்கவேண்டாம். இருந்தாலும் மாதக் கடைசியில் டேட்டா இருக்காது. 100 போன் ஒரே நிமிடத்தில் ஒரே கோபுரத்தைத் தேடினால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். மண்டப வைஃபையை நம்பினால் மூன்று இடத்தில் தடக்கும். முதலாவது, வீட்டுப் பாவனை ரவுட்டர் 30 போனுக்கு மேல் தடுமாறத் தொடங்கும். 120 பேருக்கு அலுவலகத் தரத்தில் இரண்டு மூன்று வேண்டும். 2.4 கிகாஹேட்ஸில் அவற்றை 1, 6, 11 என்ற அலைவரிசைகளில் பிரித்துவையுங்கள், இயலுமானவரை 5 கிகாஹேட்ஸுக்குத் தள்ளுங்கள். இரண்டாவது, ரவுட்டர் ஒவ்வொரு போனுக்கும் கொடுக்கும் வலையமைப்பு முகவரிகள் (ஐபி). சாதாரண அமைப்பில் அதிகபட்சம் 254 முகவரி, பல ரவுட்டர்களில் தொடக்கத்தில் 100தான். ஒரு போனுக்குக் கொடுத்த முகவரியை 24 மணித்தியாலம் பிடித்து வைத்திருக்கும்படி விட்டிருந்தால், 8 மணி வகுப்பு போன பிறகும் முகவரி திரும்பாது. 10 மணி வகுப்பு "இணைகிறது, இணைகிறது" என்றே இருக்கும். அந்த நேரத்தை ஒரு மணித்தியாலமாகக் குறையுங்கள். மூன்றாவது, இணையம் இல்லாத உள் வலையமைப்பில் மடிக்கணினியை வழங்கியாக (சேர்வராக) வைத்து நடத்தினால், போன் "இங்கே இணையம் இல்லை" என்று தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வாக்குக்கு முன் டேட்டாவை நிறுத்தச் சொல்லுங்கள். மடிக்கணினியின் தீச்சுவர் (பயர்வோல்) வெளியிலிருந்து வரும் இணைப்பை மறிக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

திரையில் போடும் கியூஆர் குறி, கடைசி வரிசைத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலமாக இருக்கவேண்டும். 15 மீற்றர் மண்டபத்துக்கு ஒன்றரை மீற்றர். மூலையில் சின்னதாகப் போட்டால் பின்வரிசை எழுந்து முன்னுக்கு வரும், ஐந்து நிமிடம் போய்விடும்.

மூடில் வைத்திருக்கும் பீடங்களுக்குப் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. அதிலுள்ள தெரிவு (Choice) என்ற செயற்பாடே போதும். முடிவைக் காட்டுவதை "மூடிய பின்" என்று வையுங்கள். முதல் வாக்குக்கு ஒன்று, இரண்டாம் வாக்குக்கு ஒன்று என இரண்டு அமையுங்கள். எல்லோரும் ஒரே செக்கனில் உள்நுழைவதுதான் வழங்கியை இறுக்கும். விரிவுரை தொடங்க முன்பே நுழைந்திருக்கச் சொல்லுங்கள்.

எழுத்துரு விடயம் ஒன்று. இங்கே பழைய வினாத்தாள்களில் பெரும்பகுதி யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டியது. அதை வெட்டி மூடிலிலோ வேறு செயலியிலோ ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். யூனிகோட்டுக்கு மாற்றி, மாற்றியதைக் கண்ணால் வாசித்துச் சரிபாருங்கள்.

கிளிக்கர் வாங்குவதென்றால் விலையோடு நிற்காமல் மற்றவற்றையும் கணக்கிடுங்கள். மின்கலம், தொலைந்தவற்றுக்கு மாற்று, மென்பொருள் புதிய கணினியில் ஓடுமா என்பது, யார் பூட்டி வைத்திருந்து கொடுப்பது என்பது. ஒவ்வொரு விரிவுரையிலும் 120 கருவியைப் பங்கிட்டுத் திரும்ப வாங்க 10 நிமிடம் போனால், குப்பிக்கு வைத்த எட்டு நிமிடத்தைக் கருவியே சாப்பிட்டுவிடும்.

புள்ளியைப் பற்றி ஒன்று உறுதியாகச் சொல்கிறோம். சரியான விடைக்குப் புள்ளி கொடுக்கத் தொடங்கினால் கலந்துரையாடல் அன்றோடு முடிந்தது. கெட்டிக்காரர் ஒருவர் சொல்வார், மற்றவர் அதையே காட்டுவார். பங்குபற்றியதற்கு மட்டும் சிறிய புள்ளி கொடுங்கள், அல்லது ஒன்றும் கொடுக்காதீர்கள். வரவு எடுப்பதற்கும் இதைப் பயன்படுத்தவேண்டாம். வரவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்ற நிலையில், ஒருவர் மூன்று பேருக்கு வாக்களிப்பது முதல் கிழமையிலேயே தொடங்கிவிடும், உங்கள் எண்ணிக்கையும் பொய்யாகிவிடும்.

பாடத்திட்டம் முடியாது என்ற கவலை நியாயமானது. இரண்டு மணித்தியால விரிவுரையில் நாலு கேள்வி, எட்டு நிமிடப்படி 32 நிமிடம். அந்த நேரம் எங்கிருந்து வரும் என்றால், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டுவதிலிருந்தும் நீண்ட நிறுவல்களைப் பார்த்தெழுத விடுவதிலிருந்தும் வரவேண்டும். குறிப்பை மூன்று நாளைக்கு முன்பே ஏற்றிவிடுங்கள். முதல் செமஸ்டரில் கிழமைக்கு ஒரு கேள்வியோடு தொடங்குபவர் பிந்தமாட்டார். ஒரேயடியாக நாலு கேள்வியில் இறங்குபவர் மூன்றாம் கிழமையில் கைவிட்டுவிடுவார்.

பீடாதிபதிகளிடம் கேட்பது மூன்று. ஒரு பாடத்துக்குக் கேள்வி எழுதும் இருவருக்கு அந்த நேரத்தை வேலைநேரமாகக் கணக்கிடுங்கள். நல்ல கேள்வி ஒன்று எழுத ஒரு மணித்தியாலம் போகும். எழுதிய கேள்விகளைப் பீடத்தின் பொதுச் சொத்தாகச் சேமித்து, பம்பைமடுவும் அறிவியல் நகரும் பரிமாறிக்கொள்ள வழிசெய்யுங்கள். குளக் கேள்வி இரண்டு இடத்துக்கும் பொருந்தும். இரண்டு மணித்தியால விரிவுரைகளில் ஒன்றையாவது, வாங்குகளைத் திருப்பக்கூடிய மண்டபத்துக்கு மாற்றித் தாருங்கள். அசைக்கமுடியாத வரிசைகளென்றால் ஒற்றை எண் வரிசைக்காரர் பின்னால் திரும்பிப் பேசவேண்டியதுதான். அதுவும் நடக்கும்.

விரிவுரையாளர்களுக்கு ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று எண்களைக் குறித்துவையுங்கள்: முதல் வாக்கில் சரி எத்தனை வீதம், இரண்டாம் வாக்கில் எத்தனை, எத்தனை நிமிடம் போனது. 30க்குக் கீழேயே நின்ற கேள்வியில் சொற்களைப் பாருங்கள், பெரும்பாலும் குற்றம் அங்கேதான். முதல் வாக்கிலேயே 90 வந்த கேள்வியை எடுத்துவிடுங்கள். இரண்டாம் வாக்கில் வீதம் கீழே இறங்கினால், யாரோ ஒருவரின் பிழையான நியாயம் மண்டபத்தையே வென்றிருக்கிறது. அந்த நியாயத்தை அவரையே எழுந்து சொல்லச் சொல்லி, அதிலிருந்து விளக்கத்தைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் கற்பித்தலிலும் வலையமைப்புப் பராமரிப்பிலும் வேலை செய்பவர்கள்